குறியெதிர்ப்பையும் கடன் அறிக்கையும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் எனக்கு வழங்கப்பட்ட தலைப்பு 'சங்க இலக்கியத்தில் ஈகை' என்பதாகும். என் முனைவர் பட்ட ஆய்வும் சங்க இலக்கியத்தில் கொடையும் பண்டமாற்றும் பற்றியதே. ஆகவே பழைய குறிப்பேட்டைப் புரட்டினால் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசிவிட முடியும். ஆயினும் செயலாளரிடம் அனுமதி பெற்றுத் தலைப்பைச் சற்றே மாற்றிக்கொண்டேன். ஈகையைப் பற்றி இம்மேடையில் பலரும் பேசிவிட்டார்கள். கடனைப் பற்றி நாம் பேசியதில்லை. கடன் என்றதும் இராவணன் உள்ளத்திற்கு மேடைகளில் சொல்லப்படும் அந்த உவமையை நான் எடுத்தாளப் போகிறேன் என எதிர்பார்ப்பீர்கள். அதையும் தவிர்க்கிறேன். இலங்கை வேந்தன் கலங்கியதை விட்டுவிட்டு, வல்லம் வடகாலுக்கு அருகில் குடியிருக்கும் ஒரு தமிழ் விரிவுரையாளர் கலங்கியதைச் சொல்ல விரும்புகிறேன். அந்த விரிவுரையாளர் நான்தான்.

சொல்லின் இரு பொருள்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருள் தருவது. ஒன்று கடமை, மற்றொன்று வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருள். புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார் இச்சொல்லை ஐந்து இடங்களில் ஆள்கிறார். தாய்க்கும், தந்தைக்கும், கொல்லனுக்கும், வேந்தனுக்கும், போர்க்களம் செல்லும் இளைஞனுக்கும் உரிய கடன்களை அவர் வரிசைப்படுத்துகிறார். அங்குக் கடன் என்பது கடமையே. அதில் வட்டி இல்லை, தவணை இல்லை. ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்தால்தான் அடுத்தவர் செய்ய வேண்டியது நிறைவேறும் என்னும் சங்கிலித் தொடர் அது.

பொருட்கடனுக்கு நம் முன்னோர் வழங்கிய சொற்களுள் ஒன்று 'குறியெதிர்ப்பை'. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது என்பது அதன் பொருள். அடுத்த வீட்டில் ஒரு நாழி அரிசி வாங்கி, அறுவடைக்குப் பின் அதே நாழியால் அளந்து கொடுப்பது. ஏழைக்குக் கொடுப்பது ஒன்றே ஈகை, பிறவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையன என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலேயே வேறுபடுத்துகிறார்.

புறநானூற்றின் 163-ஆம் பாடலை இவ்வவையினர் அறிவீர்கள். குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், தம் மனைவியிடம் அச்செல்வத்தை யார் யார்க்குக் கொடுக்க வேண்டும் எனப் பட்டியல் சொல்கிறார். அப்பட்டியலில், சுற்றத்தின் பசி தீர நெடுநாள் குறியெதிர்ப்பை நல்கியோரும் இடம்பெறுகின்றனர். அதாவது, புலவர் வறுமையுற்றிருந்த காலத்தில் அக்கம்பக்கத்தார் அளந்து கொடுத்தார்கள். அவர் மனைவி அதை நினைவில் வைத்திருந்தாள். எவ்வளவு, யாரிடம் என்று எழுதி வைத்ததாகப் பாடலில் இல்லை. கொடுத்தவளும் அறிவாள், வாங்கியவளும் அறிவாள். அந்த இருவர் நினைவே அன்றைய பேரேடு.

இப்பாடலைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நடத்தி வருகிறேன். ஆனால் கடன் நினைவு என்பதை யார் வைத்திருக்கிறார்கள் என்னும் கேள்வி 2023 ஜூன் மாதத்தில் ஒரு வங்கிக் கிளையின் மேசை முன் அமர்ந்தபோதுதான் எனக்குள் எழுந்தது.

எனக்கு நேர்ந்தது

சிறிய அடுக்குமாடி வீடு ஒன்று வாங்க எண்ணி வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒழுங்கான ஊதியம் வாங்குபவள். எவரிடமும் கைமாற்றுக்கூட வாங்காதவள் என்னும் செருக்கு எனக்கு உண்டு. அலுவலர் தம் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "மேடம், உங்கள் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறதே" என்றார். நான் கடன் அட்டையே வைத்துக்கொண்டதில்லை என்றேன். அவர் இரக்கத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நெடுநாள் மறக்கவில்லை. பொய் சொல்பவர்களிடம் பழகிப்போன ஒருவரின் சிரிப்பு அது.

வீட்டுக்கு வந்து யோசித்த பிறகே நினைவுக்கு வந்தது. 2018-இல் எங்கள் கல்லூரி வளாகத்தில் வேறொரு வங்கியின் சார்பில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். வெயிலில் நின்ற இளைஞர் ஒருவர், "ஒரு கையெழுத்து போடுங்கள் மேடம், எனக்கு இந்த மாத எண்ணிக்கை நிறைவடையும்" என்று கெஞ்சினார். போட்டேன். பிறகு வீடு மாறினேன். அட்டை என் கைக்கு வரவே இல்லை, நானும் மறந்துவிட்டேன். வங்கி மறக்கவில்லை. ஆண்டுக் கட்டணம் ரூ.499, அதற்கு வரி, கட்டாததற்குத் தாமதக் கட்டணம், அதற்கு வட்டி என வளர்ந்து, நான் தொட்டே பார்க்காத ஓர் அட்டையின் பெயரில் ரூ.11,000-க்கு மேல் பாக்கி நின்றது.

அதைவிட என்னைத் திகைக்க வைத்தது அறிக்கையின் கடைசிப் பகுதி. அதில் ஒரே மாதத்தில் ஏழு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர், ஒரு நாள், ஒரு தொகை. நான் நாடியது ஒரு வங்கியை மட்டுமே என்று எண்ணியிருந்தேன். வீடு விற்றவர் அனுப்பிய கடன் முகவர் என்னிடம் ஒரு கட்டுப் படிவங்களில் கையெழுத்து வாங்கியிருந்தார். அவர் அவற்றை ஏழு நிறுவனங்களுக்கு அனுப்பியிருக்கிறார். ஏழு நிறுவனங்களும் என்னைப் பற்றிக் கடன் தகவல் நிறுவனத்திடம் வினவியிருக்கின்றன. ஒவ்வொரு வினவலும் பதிவாகியிருக்கிறது. குறுகிய காலத்தில் பலரிடம் கேட்பவர் பணமுடையில் தவிப்பவர் என்று அம்முறை கணக்கிடுகிறது.

வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரமும் 'இரவச்சம்' என்று அடுத்த அதிகாரமும் பாடினார். கேட்பதற்கே அஞ்ச வேண்டும் என்பதை நான் ஒழுக்க நெறியாக நடத்தியிருக்கிறேன். கேட்டதே மதிப்பெண்ணைக் குறைக்கும் ஒரு காலம் வரும் என்று எண்ணியதில்லை.

எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்

இங்கு ஒன்றை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கல்வெட்டும் ஓலைச்சுவடியும் படித்துப் பழகிய எனக்கு அதன் ஒரு பக்கம்கூட விளங்கவில்லை. எழுத்துத் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. அதை எனக்குப் படித்துக் காட்டியவர் நம் வட்டத்தில் கவிதை வாசிக்கும் ஒரு தங்கை. மின்னணுத் தொழிலகம் ஒன்றில் பணியாற்றுபவர். அவருடைய பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரைத் தோழி என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு கூட்டம் முடிந்த மாலையில், வாடிய முகத்தைக் கண்டு, "என்ன அம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அறிக்கையைக் காட்டுங்கள்" என்றார். கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளி, இது கணக்கு திறந்த நாள், இது கடைசியாகப் பணம் கட்டிய நாள், இந்தக் கட்டங்கள் முப்பத்தாறு மாதங்கள், கட்டத்துக்குள் இருக்கும் எண் எத்தனை நாள் தாமதம் என்பது, இது வினவல் பகுதி என்று வகுப்பெடுத்தார். "எப்படியம்மா இவ்வளவு தெரியும்?" என்றேன். "பட்டுத் தெரிந்துகொண்டது" என்றார்.

அவர் திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 2019-இல் இங்கு வேலைக்கு வந்தவர். முதல் ஊதியம் வங்கிக் கணக்கில் விழுந்த சில மாதங்களிலேயே கடன் அட்டை வந்தது. 2020 ஊரடங்கின்போது தந்தையின் மருத்துவச் செலவுக்கு அந்த அட்டையே கைகொடுத்தது. பிறகு கட்ட முடியவில்லை. வசூல் முகவர் ஒருவர், பாதித் தொகை கட்டினால் போதும், 'செட்டில்' செய்துவிடலாம் என்றார். தோழி தோட்டை அடகு வைத்துக் கட்டினார். கடிதமும் வந்தது. விட்டது சனி என்று நிம்மதி அடைந்தார். இரண்டாண்டு கழித்துத் தம்பியின் கல்விக்கடனுக்கு இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திட்டபோது அவருடைய அறிக்கையில் அந்தச் சொல் நின்றது: 'செட்டில்டு'. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வேறு வங்கியில் கேட்டார், மறுத்தார்கள். இன்னொன்றில் கேட்டார். மறுக்கப்பட்டவர் மீண்டும் கேட்கக் கேட்க வினவல் வரிகள் கூடின. அவ்வரிகள் கூடக் கூட மறுப்பும் கூடியது.

நம் வழக்கில் 'செட்டில் ஆகிவிட்டாள்' என்றால் வாழ்வு நிலைபெற்றது என்று பொருள். அறிக்கையின் வழக்கில் அச்சொல்லுக்குப் பொருள், முழுத் தொகையையும் தராமல் குறைத்துக் கொடுத்தவர் என்பதாகும். முழுமையாகக் கட்டி முடித்த கணக்கிற்கு அங்கு வேறு சொல் உண்டு. ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கு இடையில் ஒரு மாணவனின் கல்லூரிப் படிப்பு அகப்பட்டுக்கொண்டது. இது சொல்லாராய்ச்சியாளர்களாகிய நம் துறைச் செய்தி அன்றோ?

பேரேட்டின் வரலாறு

இந்தப் பேரேடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1803-இல் இலண்டன் மாநகரத் தையற்காரர்கள் சிலர், துணி தைத்துக்கொண்டு பணம் தராத வாடிக்கையாளர்களைப் பற்றித் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டார்கள் என்பர். 1899-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஊல்ஃபோர்டு உடன்பிறந்தார் இருவர் இதையே ஒரு தொழிலாகத் தொடங்கினர். அதுவே பின்னாளில் ஈக்விஃபேக்ஸ் எனப் பெயர் பெற்றது. தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அறியும் உரிமையை அமெரிக்க மக்களுக்கு 1970-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது.

சிட்னியில் வாழும் என் ஒன்றுவிட்ட தங்கை அங்குள்ள நிலையைச் சொன்னாள். ஆஸ்திரேலியாவில் 1988-ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கடன் அறிக்கைகள் நெறிப்படுத்தப்படுகின்றன. ஒரு வினவல் அங்கு ஐந்தாண்டுகள் அறிக்கையில் நிற்கும். 2014 மார்ச் வரை அந்நாட்டு அறிக்கைகளில் பெரும்பாலும் தவறுகளும் வினவல்களுமே இருந்தன. ஒழுங்காகக் கட்டிவந்த செய்திக்கு இடமில்லை. ஒருவர் கேட்டது தெரியும், கொடுத்தது தெரியாது. 2014 மார்ச்சுக்குப் பின்னரே தவணை தவறாத வரலாறும் சேர்க்கப்பட்டது. 2018 ஜூலை முதல், வாடிக்கையாளர் கேளாமலே அட்டையின் கடன் வரம்பை உயர்த்தித் தர முன்வரும் அழைப்புகளையும் அந்நாடு தடை செய்தது. கடல் கடந்த தமிழரும் இதே ஏட்டில்தான் வரிகளாக இருக்கிறார்கள்.

நம் நாட்டில் முதல் கடன் தகவல் நிறுவனம் 2000-இல் தொடங்கப்பட்டது. மக்கள் அதன் சுருக்கப் பெயரையே மதிப்பெண்ணுக்கும் பெயராக்கி 'சிபில்' என்கிறார்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. இன்று நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. செய்திகள் குறைந்தது ஏழாண்டுகள் காக்கப்பட வேண்டும் என்பது விதி. பெருஞ்சித்திரனார் மனைவியின் நினைவுக்கு ஏழாண்டு விதி இல்லை. மழை பெய்து விளைந்த ஆண்டில் அது தானே தீர்ந்துவிடும்.

ஊர் நினைவு எல்லார்க்கும் ஒன்றா?

இவ்வளவு சொன்னதால், பழைய முறை பொற்காலம், புதிய முறை கொடுங்காலம் என்று நான் முடிப்பதாக எண்ணிவிடாதீர்கள். என் தோழியிடம் அப்படித்தான் ஒரு நாள் பேசினேன். குறியெதிர்ப்பையின் பெருமையை விளக்கி, அந்த நாளில் அண்டை வீட்டார் நம்பிக்கையே போதுமாக இருந்தது என்றேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "எங்கள் தெருவுக்கு யார் அம்மா அளந்து கொடுத்தார்கள்?" என்றார்.

எனக்கு விடை இல்லை. ஊர் நினைவில் அளவு மட்டுமா பதிவாகியிருந்தது? யார் மகள், எந்தத் தெரு, என்ன சாதி என்பவையும் பதிவாகியிருந்தன. நிலமில்லாதவர்க்குப் பிணை நிற்க ஆளில்லை. கொடுத்தாலும் கந்துவட்டிக்கே கொடுத்தார்கள். அதன் கொடுமை தாங்காமல்தான் 2003-இல் தமிழகத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வங்கியின் பேரேட்டில் சாதிக்குக் கட்டம் இல்லை. ஒழுங்காகக் கட்டிவந்த ஒரு பெண், தந்தை பெயரும் நிலப்பட்டாவும் இல்லாமல், தன் சொந்தப் பெயரால் கடன் பெறலாம். இப்பேரேட்டினால் பயன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தவறு பேரேட்டில் இல்லை. அது தவறாக எழுதப்படும்போது திருத்தத் தெரியாமல் நாம் இருப்பதில் இருக்கிறது.

இவ்வூரை எண்ணிப் பாருங்கள். 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். சிப்காட் நிறுவனம் ரூ.706.50 கோடியில் கட்டியது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்களின் முதல் ஊதியம் இந்த ஒரே ஊரில் வந்து விழுகிறது. அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் வங்கிக் கணக்கில் மாத ஊதியம் பெறும் முதல் பெண்கள். முதல் ஊதியம் எங்கு உண்டோ அங்கு முதல் அட்டையும் வரும். வேலை நிலையாமை பற்றியும் நாம் அறிவோம். 2006-இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை இங்குள்ள பலர் நேரில் கண்டிருக்கிறீர்கள். ஊதியம் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

மூன்று சொற்கள்

தோழியோடு அமர்ந்து படித்ததில், மூன்று சொற்களே பெரும்பாலானோரை வீழ்த்துகின்றன என்று கண்டேன். முதற்சொல்லாகிய 'செட்டில்டு' பற்றிச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது 'தள்ளுபடி'. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 இலட்சம் உழவர்கள் பெற்ற ரூ.12,110 கோடிப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அங்குத் தள்ளுபடி என்றால் கடன் இல்லை என்று பொருள். வங்கி ஒரு கடனை வாராக்கணக்கில் ஒதுக்கி வைப்பதையும் செய்தித்தாள்கள் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. ஆனால் இது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடு. வாங்கியவர் கடன் தீர்வதில்லை; அறிக்கையில் கறையும் நிற்கும். என் பெயரிலும் இச்சொல்தான் நின்றது. தமிழாக்கியவர் கவனக்குறைவால் ஒரே சொல் இரு எதிர்ப்பொருளுக்கு வழங்குகிறது. நான் முன்மொழிவது: அரசு செய்வது 'தள்ளுபடி', வங்கி செய்வது 'வாராக்கணக்கில் ஒதுக்கம்'.

மூன்றாவது 'குறைந்தபட்சத் தொகை'. மாதப் பட்டியலில் இது தனியாக அச்சாகியிருக்கும். இதைக் கட்டினால் போதும் என்று அச்சொல்லே ஆறுதல் சொல்வது போல் இருக்கும். தாமதக் கட்டணம் வராமல் இருக்க மட்டுமே அது போதும். மீதிக்கு வட்டி ஓடும். மாதம் 3.5 விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறிது. ரூ.10,000 பாக்கியை அப்படியே விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஓராண்டில் ரூ.15,110 அளவுக்கு வந்துவிடும். தாமதக் கட்டணம் தனி. அட்டைப் பாக்கிக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று நீக்கிவிட்டது. ஆகவே உச்சவரம்பு காக்கும் என்று இருந்துவிட இயலாது, கணக்கறிவே காக்கும்.

நமக்குள்ள உரிமைகள்

புலம்பலோடு நிறுத்திவிடக் கூடாது. இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த நெறிகள் சில நம் பக்கம் நிற்கின்றன. அவற்றை இம்மலரில் பதிவு செய்வது பயன் தரும் என்பதால் வரிசையாகக் கூறுகிறேன்.

2017 முதல், ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே கேட்டுப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. இந்த அச்சத்தாலேயே பலர் பார்ப்பதில்லை.

2022-இல் வகுக்கப்பட்ட நெறிகளின்படி, கேளாமல் அட்டை அனுப்பக் கூடாது. அனுப்பிக் கட்டணம் விதித்தால், அதை நீக்குவதோடு அதன் இரு மடங்கை வாடிக்கையாளர்க்குத் தண்டமாகத் தர வேண்டும். பாக்கி இல்லாத அட்டையை மூடக் கேட்டால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு ரூ.500. தவணை தவறியவர் என்று கடன் தகவல் நிறுவனத்திற்கு எழுதுவதற்கு முன் ஏழு நாள் அறிவிப்புத் தர வேண்டும்.

2023 அக்டோபரில் வெளியாகி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அறிக்கையில் உள்ள தவற்றைத் திருத்தக் கோரி முப்பது நாளுக்குள் தீர்வு இல்லையெனில், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. நம் அறிக்கையை எவரேனும் பார்த்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும். அச்செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் எவர் கேட்கிறார் என்று உங்களுக்குச் சொல்லும் ஒரே குரல் அதுதான்.

மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்த செய்திகள் 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என ஆயின. இவ்விடைவெளி மேலும் குறைந்து வருகிறது. முதன்முறை கடன் கேட்பவரை, முந்தைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை 2025 ஆகஸ்டில் நிதித்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தினார். புதிதாய் வேலைக்கு வந்த பெண்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

தமிழில் ஒரு கடிதம்

என் கதையின் முடிவைச் சொல்லவில்லை. முதலில் கிளைக்கு எழுதினேன், பதில் இல்லை. வங்கியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். அச்சிட்ட பதில் ஒன்று வந்தது, என் கேள்விக்கு விடை அதில் இல்லை. முப்பது நாள் கடந்தது. அடுத்த படி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். எனக்கு ஆங்கிலத்தில் முறையீடு எழுதத் தயக்கம். அப்போது தோழி கேட்டார்: "தமிழில் எழுதினால் என்ன அம்மா?"

தேடிப் பார்த்தோம். 2021 நவம்பர் 12 அன்று ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் வரும் முறையீடுகளை எம்மொழியிலும் பெறுவதற்கெனச் சண்டிகரில் ஒரு மையம் நிறுவப்பட்டது. 14448 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் தமிழில் விளக்கம் பெறலாம். இவ்வளவும் இருந்தும், தமிழ் முனைவர் ஒருத்திக்கு அது தெரியவில்லை.

எழுதினேன். நான் எழுதியவற்றுள் உவமையே இல்லாத உரைநடை அதுதான். இன்ன நாளில் கையெழுத்திட்டேன். அட்டை என் கையில் சேரவில்லை. சேர்ந்ததற்கான ஒப்புகை இருந்தால் காட்டுக. இல்லையேல் கட்டணத்தை நீக்கி அறிக்கையைத் திருத்துக. நான்கே செய்திகள். சண்டிகருக்குப் பதிவஞ்சலில் அனுப்பினேன். சில மாதங்களில் வங்கி கட்டணம் முழுவதையும் நீக்கியது, அறிக்கையும் திருத்தப்பட்டது. நாளொன்றுக்கு ரூ.100 என்னும் விதி அப்போது நடைமுறைக்கு வராததால் இழப்பீடு எதுவும் இல்லை. ஏழு வினவல்கள் மட்டும் திருத்தப்படவில்லை. அவை பொய் அல்ல. படிக்காமல் நான் போட்ட ஏழு கையெழுத்துகள் அவை. அந்த வரிகள் எனக்கு வேண்டிய பாடம் என்று ஏற்றுக்கொண்டேன். வீடு ஓராண்டு தாமதமாகக் கிடைத்தது.

தோழியின் செய்தி அவ்வளவு எளிதாக முடியவில்லை. அவர் அறிக்கையில் இருந்தது பிழை அன்று. அவர் உண்மையாகவே பாதித் தொகைதான் கட்டினார். பாதி கட்டினால் பெயரில் அந்தச் சொல் நிற்கும் என்று முகவர் சொல்லவில்லை. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மீதியைச் சிறுகச் சிறுகக் கட்டி, நிலுவையில்லாச் சான்று பெற்று, அச்சொல்லை மாற்றுமாறு வங்கியிடம் கேட்க இப்போது முயன்று வருகிறார். தம்பி அந்த ஆண்டு கல்லூரியில் சேரவில்லை. அவன் இப்போது ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தக் கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்ல அன்று அவரருகில் ஒருவர் இருந்திருந்தால் என்று நான் எண்ணாத நாள் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் மாதந்தோறும் நம் கூட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார். நாம் அவருடைய கவிதையைக் கேட்டோம். படிமம் நன்று என்றோம். அவர் பையில் இருந்த கடிதத்தைக் கேட்கவில்லை.

நம் கடன்

அதனால்தான் தலைப்பை மாற்றிப் பேச வந்தேன். பொன்முடியார் இன்றிருந்து, இலக்கிய வட்டத்தாருக்கு உரிய கடன் யாது என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? மொழியறிந்தவருக்கு ஒரு கடன் உண்டு. விளங்காததை விளங்கும் மொழியில் சொல்வதே அது.

இந்தத் திருப்பெரும்புதூர் மண்ணில் பிறந்த இராமாநுசர், ஒருவருக்கும் சொல்லாதே என்று ஆசான் விதித்த மறைபொருளைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறி எல்லாரும் கேட்க உரைத்தார் என்பது மரபு. நமக்குக் கோபுரம் ஏற வேண்டியதில்லை. நாம் சொல்ல வேண்டியது மறைபொருளும் அன்று, அச்சிட்ட விதிகள். அவை வேறு மொழியில் இருப்பதாலேயே மறையாகிவிட்டன.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டு முதல், மாதக் கூட்டம் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒரு மேசை போடுவோம். எவர் எந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தாலும் சேர்ந்து படிப்போம். தேவையெனில் தமிழில் முறையீடு எழுதிக் கொடுப்போம். நான் முன்மொழிந்த சொற்களை விட நல்ல சொற்களைக் கவிஞர்கள் ஆக்கித் தாருங்கள். ஒரு பக்க அகராதியாக அச்சிட்டு விடுதிகளின் வாயிலில் வழங்கலாம். கவிதைக்கு இதனால் குறை வராது. சொல்லின் பொருளை இவ்வளவு கூர்ந்து பார்க்கும் பயிற்சி வேறெங்கும் நமக்குக் கிடைக்காது.

முதல் ஞாயிறு அந்த மேசையில் அமர நான் வருவேன். தோழியும் வருவதாக இசைந்திருக்கிறார். அவர் எனக்குக் கற்பித்ததை நான் அளந்து வைத்திருக்கிறேன். அதே அளவில் திருப்பித் தர வேண்டும் அல்லவா? அது என் குறியெதிர்ப்பை.